வேண்டுமென்றே பொங்கிய பால்

தவமணி எங்கள் வீதிக்குக் குடிவந்த அன்று காலையில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, வழிந்த பால் அதற்கப்புறம் நிற்கவே இல்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். எங்களுக்கு அதில் பிளப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பால் என்றால் பொங்கும், பொங்கினால் வழியும், ஒரு பால் கொஞ்சம் கூடுதலாக வழிந்துவிட்டது, அவ்வளவுதான். எங்கள் வீதி மொத்தமும் பேச்சு மூச்சில்லாமல் நின்றது இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்த அன்றைக்குத்தான். அந்த அதிர்ச்சியிலிருந்து எங்களில் சிலர் இன்னும் வெளியே வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் கணபதி ஏரியாவுக்கு அந்தப் பக்கம், பட்டறைகளின் சத்தம் நாள் முழுக்கக் கேட்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் காளியப்பா வீதி. சொந்த வீட்டில் இருப்பவர்களை இங்கே விரல்விட்டு எண்ணிவிடலாம், மற்றவர்கள் எல்லாம் என்னைப் போல வாடகைக்கு இருப்பவர்கள். தவமணி கிரைண்டர் கம்பெனியில் மோட்டார் பூட்டுகிற வேலை பார்ப்பவள். புருஷன் திருப்பூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டான். பத்தாவது படிக்கிற மகள் யாழினியைக் கூட்டிக்கொண்டு அவள் வாடகைக்கு ஏறி இறங்காத வீடில்லை. போன இடமெல்லாம் "புருஷன் எங்க இருக்காரு?" என்று கேட்டார்கள், அவள் உண்மையைச் சொன்னாள், கதவைச் சாத்தினார்கள். கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்கிற இந்தக் கெட்ட பழக்கம் அவளை விட்டபாடில்லை, பின்னால் வந்த வம்பும் அதனால்தான் வந்தது.

கடைசியில் குப்புராஜ் தன் மாடி போர்ஷனைத் தர ஒப்புக்கொண்டார். குப்புராஜ் கெட்டவர் இல்லை, ஆனால் சுவர் என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். முன்பு அந்த மாடியில் இருந்த குடும்பத்தை, காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்த குற்றத்துக்காகக் காலி செய்ய வைத்தவர்.

"ஆணி மட்டும் அடிக்கப்படாது அம்மணி. மத்தபடி உன்ற வூடு மாதிரி இருந்துக்கோ," என்றார்.

"ஆணி வாங்கவே மாட்டனுங்கய்யா," என்றாள் தவமணி.

அவளிடம் இருந்த பெரிய சாமான்கள் மர பீரோ, மரக் கட்டில், ஃபிரிட்ஜ். மூன்றையும் தவணையில் எடுத்தபோது கடைக்காரர் ஒரு இன்சூரன்ஸையும் சேர்த்துத் தலையில் கட்டியிருந்தார். வாடகைக்கு இருப்பவர்களின் சாமான்கள் கெட்டுப்போனாலும், அவர்கள் கையால் தவறுதலாக வீட்டுக்குச் சேதம் வந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம். இதையெல்லாம் யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? அவளும் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

குடிவந்த அன்று உப்பும் பருப்பும் நிறைகுடத் தண்ணீரும் முதலில் உள்ளே போயின. எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சகாயமேரி சர்க்கரை கொண்டுவந்தாள். பால்காரர் நாச்சிமுத்து தன் கையாலேயே பாலை ஊற்றினார். மஞ்சள் கட்டிய புதுப் பாத்திரத்தைச் சுற்றி, ஓனர் குப்புராஜ் முதற்கொண்டு நாங்கள் எல்லோரும் அந்தச் சின்னச் சமையலறையில் நெருக்கியடித்து நின்றோம். பால் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது, ஓரத்தில் முத்து முத்தாய்க் கட்டியது, ஆடை சுருங்கியது, விளிம்புவரை ஏறியது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், அப்புறம் கிழக்குப் பக்கம் பார்த்துப் பொங்கி வழிந்தது. நாங்கள் கை தட்டினோம். குப்புராஜும் தட்டினார். "இயேசுவே, கரெக்டா கிழக்குப் பக்கமே பொங்கிருச்சு பாருங்க!" என்று சகாயமேரி குதித்தாள்.

தவமணி சிரித்துக்கொண்டே அடுப்பை அணைத்தாள். பால் வழிந்துகொண்டே இருந்தது. பாத்திரத்தை இறக்கிக் கீழே வைத்தாள், அங்கேயும் வழிந்தது. தொட்டியில் கவிழ்த்தாள், கவிழ்ந்த பாத்திரத்தின் அடியிலிருந்தும் வந்தது, சரி போ என்று மறுபடி அடுப்பிலேயே நிமிர்த்தி வைத்துவிட்டாள். வந்த பால் மேடையிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து ஹாலுக்கு நடந்து, கட்டிலின் கால்களைச் சுற்றி, பீரோவின் அடித்தட்டை நனைத்து, ஃபிரிட்ஜின் மோட்டாரை மூழ்கடித்து, மூலையில் அடுக்கியிருந்த யாழினியின் புத்தகங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, வாசலைத் தாண்டி, மாடிப்படிகளில் ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்கி, மத்தியானத்துக்குள் வீதிக்கு வந்து சேர்ந்தது.

வந்ததை நாங்கள் ஏன் வேண்டாம் என்று சொல்லவேண்டும்? வெதுவெதுப்பாக இருந்தது, மணமாக இருந்தது. முதல் நாள் குடம் எடுத்து வந்தோம், மறுநாள் அண்டா எடுத்து வந்தோம், அதற்கு மறுநாள் வீட்டிலிருந்த வாளி, தவலை, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டிரம் எல்லாம் வரிசையில் நின்றன. வீடு வீடாகத் தயிர் உறைந்தது, தயிர் மோரானது, மோர் வேண்டுமா என்று ஒருவரை ஒருவர் கெஞ்சிக் கொண்டிருந்தோம், நெய் காய்ச்சுகிற வாசனை பட்டறைகள்வரை போய் அங்கே வேலை செய்பவர்களை மத்தியானத்திலேயே தூங்க வைத்தது. மாரியம்மன் கோவிலில் தினமும் பாலாபிஷேகம் நடந்தது, பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பால் பாயசம் போனது, சகாயமேரியின் சர்ச்சில் பாதிரியார் கேக்குக்காக வாளி அனுப்பினார். வார்டு கவுன்சிலர் தன்னுடைய விடாமுயற்சியால் வீதிக்குப் பால் வந்துவிட்டதாகப் பேனர் வைத்தார். மாநகராட்சியிலிருந்து வந்தவர்கள் சாக்கடையில் சாக்கடை அல்லாத ஒன்று ஓடுவது விதிப்படி தவறு என்று எழுதி ஒட்டிவிட்டு, ஆளுக்கொரு கேனில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊரில் இருக்கிற பூனைகள் எல்லாம் எங்கள் வீதிக்கே குடிவந்தன. பால் பண்ணைக்காரர்கள் கருவியோடு வந்து சோதித்துப் பார்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலப்பில்லை என்றார்கள். அதைக் கேட்டு நாச்சிமுத்து ஒருவர்தான் அதிர்ந்துபோனார், ஏனென்றால் அன்று காலையில் அதை ஊற்றியது அவர்.

எங்களுக்கு இப்படித் திருவிழாவாக ஓடிக்கொண்டிருந்தபோது தவமணியின் நிலைமை வேறாக இருந்தது. கட்டில் ஊறி இரண்டாக விட்டுவிட்டது. பீரோ உப்பி, கதவு திறக்கமாட்டேன் என்றது. ஃபிரிட்ஜ் செத்தே போயிற்று. தாயும் மகளும் ராத்திரிக்குச் சகாயமேரி வீட்டில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் வந்து படியைத் துடைத்தார்கள், துடைக்கத் துடைக்க வந்தது. இதோடு கீழே குப்புராஜின் வீட்டுக் கூரையிலும் வெள்ளையாக ஒரு ஈரம் படர ஆரம்பித்தது. குப்புராஜ் அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"அம்மணி, உன்மேல எனக்குக் கோவமில்ல," என்றார் மூன்றாம் நாள். "ஆனா செவுரு எனக்குச் சேதாரமில்லாம நிக்கோணும். உனக்கு இன்சூரன்ஸ் இருக்குதுன்னு சொல்றாங்க. இது தவறுதலா ஆனதுன்னு கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்து, ரிப்பேரு பண்ணிக் குடுத்தாங்கன்னா நீ எத்தன வருசம் வேணும்னாலும் இருந்துக்கோ. நீயா பண்ணுனதுன்னு எழுதிட்டாங்கன்னா காலி பண்ணிப்போடோணும்."

"அவங்க ஏனுங்கய்யா அப்படி எழுதப்போறாங்க?" என்றாள் தவமணி. எங்களுக்கும் அதே எண்ணம்தான். அப்படி எழுதுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

சேதத்தை மதிப்பிடக் கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, படி ஏறி, பாத்திரத்தைப் பல பக்கத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டார். மரியாதையான மனிதர்தான். வாசலில் நின்று நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் தவமணியிடம் கேட்டார்.

"பால் மேல ஏறுனதை நீங்க பாத்தீங்களாம்மா?"

"பாத்தனுங்க."

"அடுப்புத் திருகு பக்கத்துலதான் இருந்துச்சா?"

"கைகிட்டத்தானுங்க இருந்துச்சு."

"அப்ப அணைச்சிருக்க முடியும்."

"முடியுமுங்க."

"ஏன் அணைக்கலை?"

தவமணி அவரை ஏதோ சுகமில்லாத ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். "பொங்கோணுமுங்களே," என்றாள்.

அவர் அதை எழுதிக்கொண்டார். "பொங்குனதும் என்ன செஞ்சீங்க?"

"சந்தோசப்பட்டோமுங்க. எல்லாரும் கை தட்டுனோம்."

அதையும் எழுதிக்கொண்டார். ஒரு டம்ளர் பால் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை. யாழினி மாடிப்படியில், ஓடுகிற பாலில் நின்றபடி, எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். நல்ல செய்திக்காக நாங்கள் வாயெல்லாம் பல்லாகக் காத்துக்கொண்டிருந்தோம்.

"மேற்படி பாலானது பொங்கும் நிலையை அடைந்ததைக் காப்பீடுதாரர் நேரில் கண்டிருந்தும், அடுப்பை அணைக்கும் வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அணைக்கத் தவறியதோடு, அவ்வாறு பொங்கியதைக் கண்டு மகிழ்ந்தும் உள்ளார். எனவே இச்சேதம் காப்பீடுதாரரால் வேண்டுமென்றே விளைவிக்கப்பட்டது என முடிவு செய்யப்பட்டு, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. இம்முடிவின் மீது மேல்முறையீடு செய்ய விரும்பினால்..."

மேலே அவள் படித்தது யார் காதிலும் விழவில்லை. நாச்சிமுத்து சைக்கிளைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார், அது கேனோடு சாய்ந்தது, தூக்கி நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. சகாயமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.  வீதியில் பால் ஆறாக ஓடியபோது நான் கலங்கவில்லை, அது கூரையில் இறங்கியபோதும் கலங்கவில்லை. புது வீட்டில் பால் பொங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது குற்றம் என்று ஒருத்தர் மேஜையில் உட்கார்ந்து யோசித்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, தபால்தலையும் ஒட்டி அனுப்ப முடியுமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களா என்று வீதியே வாயில் கை வைத்துக்கொண்டு நின்றது.

தவமணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பால் அவள் சேலையை நனைத்துக்கொண்டு இறங்கியது. "நான் வேணும்னேவா பண்ணுனேன்?" என்று மட்டும் கேட்டாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

குப்புராஜ் கடிதத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் போனது.

"ஏனுங்ண்ணா, நீங்களுந்தான கை தட்டுனீங்க?" என்று சகாயமேரி கேட்டுவிட்டாள்.

"தட்டுனேன். இல்லீன்னு சொல்லுலியே. ஆனா எழுத்துல வந்துருச்சே அம்மணி," என்றார் குப்புராஜ். "எழுத்துல வந்ததுக்கு அப்பறம் நான் என்ன பண்றது? மேல ஏதோ அப்பீலு இருக்குதுங்கறான். அது முடியற மட்டும் இருங்க. அதுக்கும் மேல என்னால ஆகாது."

அப்பீல் மனு சகாயமேரியின் ஜெராக்ஸ் கடையில் உருவானது. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது முதல் ஓடிப்போன மருமகனைக் கண்டுபிடித்துத் தருவதுவரை எல்லா மனுவையும் அடித்துப் பழகிய கை அவளுடையது, இருந்தாலும் இதற்கு எப்படித் தொடங்குவது என்று அவளுக்கே பிடிபடவில்லை. பால் பொங்கினால் நல்லது என்பதை ஒரு கம்பெனிக்கு எப்படி எழுதிப் புரியவைப்பது? கடைசியில் வீதியில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் வந்து, தான் குடிவந்த அன்று என்ன செய்தோம் என்று எழுதிக் கொடுப்பது என்று முடிவானது. அன்றும் மறுநாளும் கடை வாசலில் கூட்டம் தாங்கவில்லை. நானும் அணைக்கவில்லை என்று நான் எழுதினேன், நானும் அணைக்கவில்லை என்று ரஹமத் பேகம் எழுதினாள், நானும் அணைக்கவில்லை, என் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று மூன்றாம் வீட்டுப் புதுப்பெண் எழுதினாள், நானும் நானும் என்று ஆளுக்கு ஆள் எழுதி, எழுதத் தெரியாதவர்கள் சொல்ல மற்றவர்கள் எழுதி, எங்கள் வீதி முழுக்கத் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது. எல்லாவற்றையும் அடுக்கித் தைத்தபோது தலையணைக் கனத்துக்கு வந்தது.

விசாரணைக்கு வரச்சொல்லி ஓலை வந்தது. தவமணி, யாழினி, சகாயமேரி, சாட்சிக்கு நான் என்று நான்கு பேர் போனோம். கம்பெனி ஆபீஸ் அவிநாசி ரோட்டில் ஒரு புதுக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தது. அந்த மாடிக்கு அவர்கள் வாடகைக்கு வந்து சில நாள்தான் ஆகிறது என்று லிஃப்டில் ஒருத்தர் சொன்னார். நாற்காலிகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

மேல்முறையீட்டு அதிகாரி பெயர் சிதம்பரநாதன். நரைத்த மீசை, பொறுமையான குரல். எங்கள் தலையணையை உண்மையாகவே முழுக்கப் படித்திருந்தார், அதற்காக எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"தவமணி, உங்க மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்லை," என்று ஆரம்பித்தார். "ஆனா ஒருத்தர் செஞ்சா வேண்டுமென்றே செஞ்சது, ஒரு வீதியே சேர்ந்து செஞ்சா அது விபத்தா ஆயிடுமா? யோசிச்சுப் பாருங்க. பால் பொங்குற நேரத்துல நிதானமான ஒரு மனுஷன் என்ன செய்வான்? கையை நீட்டி அணைப்பான். இதுல கஷ்டமே இல்லை."

"கஷ்டம் இல்லீங்க சார்," என்றாள் தவமணி. "ஆனா எப்படிங்க சார் அணைக்கறது? குடிபோன அன்னிக்கு?"

"எப்படியா? நானே காட்டறேன் வாங்க," என்று எழுந்துவிட்டார்.

காப்பி போடுகிற அறைக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ருக்மணியம்மா என்று ஒரு வயதான பெண்மணி, பளபளவென்ற கரண்ட் அடுப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பால் பாக்கெட்டை உடைத்துப் பாத்திரத்தில் ஊற்றச் சொன்னார் அதிகாரி. சுவிட்சின் மேல் தன் விரலை வைத்துக்கொண்டு நின்றார். வேடிக்கை பார்க்க ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் வாசலில் குவிந்துவிட்டார்கள்.

"பொங்குற சமயத்துல நான் அணைப்பேன். எல்லாரும் பாத்துக்குங்க," என்றார்.

பால் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. ஓரத்தில் முத்து முத்தாய்க் கட்டியது. அப்போதுதான் ருக்மணியம்மா வாயைத் திறந்தாள்.

"சார், இத்தன நாளும் ஃபிளாஸ்க்குலதானுங்க காப்பி வெளியில இருந்து வந்துச்சு. புது ஆபீசுல வெக்கற மொதப் பால் இதுதானுங்க."

 ஆடை சுருங்கியது. ஒரு பெண் ஊழியர் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பால் ஏறியது, நான் பாலைப் பார்க்கவில்லை, அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுவிட்சின் மேலேயேதான் இருந்தது. அழுத்தினால் போதும். பால் விளிம்பைத் தொட்டது, அவர் அழுத்தவில்லை. விளிம்பில் ஒரு நொடி நின்றது, அவர் அழுத்தவில்லை. பிறகு கிழக்குப் பக்கம் பார்த்துப் பொங்கி வழிந்தது.

"பொங்கிருச்சு!" என்று கத்தினார் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர். பின்வரிசையிலிருந்து கைதட்டல் எழுந்தது.

"சார், நீங்க சிரிச்சீங்க," என்றாள் யாழினி.

அவர் திடுக்கிட்டுத் தன் விரலைப் பார்த்தார். வேறு யாருடையதோ என்பது போல அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.  சட்டென்று சுவிட்சை அழுத்தினார், ஒன்றுக்கு இரண்டு முறை அழுத்தினார். பால் வழிந்துகொண்டே இருந்தது.

எங்கள் நான்கு பேருக்கும் அதில் ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் அந்த ஆபீஸில் எழுந்த கூச்சலை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். பாத்திரத்தை இறக்கினார்கள், கவிழ்த்தார்கள், பிளக்கைப் பிடுங்கினார்கள், மாடிக்கே கரண்ட்டை நிறுத்தினார்கள். பால் காப்பி அறையை விட்டு வெளியே நடந்து, புது கார்பெட்டில் ஊறி, கம்ப்யூட்டர் பெட்டிகளைச் சுற்றி, கோரிக்கை மனுக்கள் கட்டுக்கட்டாகக் கிடந்த அலமாரியின் அடித்தட்டுக்குள் நுழைந்தது. பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காதது நல்லதாகப் போயிற்று.

சிதம்பரநாதன் மட்டும் தரையிலேயே நின்றார். "நம்ம ஆபீஸ் சாமானுக்கு இன்சூரன்ஸ் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

"வேற கம்பெனியில சார்," என்றார் நாற்காலிமேல் நின்ற ஒருவர். "வாடகைக் கட்டடம்ங்கறதால வெளியில எடுத்திருக்கோம்."

"அவங்க விதி என்ன?"

"நம்ம விதிதான் சார். அதே வார்த்தை."

 அதிகாரி கணுக்கால்வரை பாலில் நடந்து தன் மேஜைக்குப் போய், பேனாவை எடுத்து, நின்றபடியே எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். புதிதாகக் குடிபுகும் இடத்தில் பால் பொங்குவதைத் தடுப்பது மனிதர் கையில் இல்லை என்று இவ்வலுவலகம் தன் அனுபவத்தில் கண்டிருப்பதால், முந்தைய முடிவில் உள்ள "வேண்டுமென்றே" என்ற சொல் நீக்கப்படுகிறது, நடந்தது விபத்து, சாமான்களுக்கும் வீட்டுக்கும் ஆன சேதத்தைக் கம்பெனி சரிசெய்து தரவேண்டும்.  முத்திரை குத்தி ஒரு பிரதியைத் தவமணியிடம் கொடுத்தார், இன்னொரு பிரதியை மடித்துத் தன் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"அம்மா, இது எப்ப நிக்கும்?" என்று கேட்டார். இப்போது அவள் அவருக்கு அம்மாவாகிவிட்டாள்.

"தெரியாதுங்க சார். எங்களுக்கே இன்னும் நிக்கலீங்க," என்றாள் தவமணி. அவள் குரலில் கேலி இருந்ததா என்று உற்றுக் கேட்டேன், இல்லை. "கதவைத் தொறந்து வெச்சுருங்க. பாத்திரம் வெச்சிருக்கறவங்க வரட்டும். நீங்களே வெச்சுக்கிட்டா முழுகிருவீங்க."

நாங்கள் லிஃப்டில் இறங்கும்போது ருக்மணியம்மா ரோட்டோர ஆட்டோக்காரர்களைக் கூப்பிடச் சொல்லி யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீதி முனையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ரோடு காய்ந்து கிடந்தது. வாளியும் குடமும் வைத்துக்கொண்டு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மத்தியானம் திடீரென்று நின்றுவிட்டது என்றார் நாச்சிமுத்து. எந்த நேரம் என்று கேட்டோம், சொன்னார், ஆபீஸில் பொங்கிய அதே நேரம்தான். பூனைகள் படியில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தன. பால் பொங்கியபோது கலங்காத எங்கள் சனங்கள், அது நின்றதில் இடிந்துபோய் நின்றார்கள். கெட்டது நடக்கப்போகிறது என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ, தவமணியின் முகத்தையே பார்த்தார்கள்.

அவள் நேராகக் குப்புராஜிடம் போய்க் கடிதத்தை நீட்டினாள். அவர் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். இன்னொரு தரம் படித்தார்.  ஏழாவது மாடியில் அத்தனை நிதானமாக நின்றவள் இங்கே சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

குப்புராஜ் வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சுத்தியலோடும் ஒரு ஆணியோடும் வெளியே வந்தார்.

"பூசற வேல முடிஞ்சதும் காலண்டர் மாட்டறதுக்கு ஒண்ணு அடிச்சுக்கோ அம்மணி," என்றார். "ஹால்ல. கெழக்குச் செவுத்துல."

கம்பெனிக் கடிதத்துக்கு அடுத்தபடியாக எங்கள் வீதியை வாயடைக்க வைத்தது இதுதான். சகாயமேரி என் கையைக் கிள்ளிப் பார்த்தாள். தவமணி ஆணியை வாங்கிக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதாள். குடிவந்ததிலிருந்து அவள் அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான்.

அழுது முடித்துவிட்டு எல்லோரையும் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். நாச்சிமுத்து தன் கேனிலிருந்து பால் கொடுத்தார், வழக்கம்போலத் தண்ணீர் கலந்த பால். அவள் அதே பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, ஊற்றி, அடுப்பில் வைத்துப் பற்றவைத்தாள். அன்று போலவே நாங்கள் எல்லோரும் அந்தச் சமையலறையில் நெருக்கியடித்து நின்றோம், குப்புராஜ் உட்பட. பால் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. ஓரத்தில் முத்து முத்தாய்க் கட்டியது. ஆடை சுருங்கியது. ஏறியது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

விளிம்பைத் தொடப்போகிற நேரத்தில் தவமணி கையை நீட்டித் திருகைத் திருப்பினாள். பால் தயங்கி, அடங்கி, பாத்திரத்துக்குள்ளேயே இறங்கிப் படுத்தது. ஒருவரும் கை தட்டவில்லை. குப்புராஜ்தான் முதலில் மூச்சுவிட்டார்.

"வேணும்னேதானுங்கய்யா அணைச்சேன்," என்றாள் தவமணி, காப்பித்தூள் டப்பாவைத் தேடிக்கொண்டே.